காயில் கட்டும் பட்டறை ஏஐ தேடலில் வரவே மாட்டேன் என்கிறது, 25,000 கொடுக்கலாமா?

அன்னூர்_பட்டறை:

வணக்கமுங்க. அன்னூர் – சத்தி ரோட்டில் அப்பா மோட்டார் காயில் கட்டும் பட்டறை (எரிந்த காப்பர் கம்பிச் சுருளை எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றிக் கொடுப்பது) வைத்திருக்கிறார், 26 வருடம் ஆகிறது. சப்மெர்சிபிள், மோனோபிளாக், பேனல் போர்டு எல்லாம் பார்ப்போம், போர்வெல்லிலிருந்து மோட்டாரை ஏற்றி இறக்கச் சொந்த வண்டியும் இருக்கிறது. நான் படிப்பை முடித்துவிட்டு இப்போது அப்பாவோடுதான் இருக்கிறேன்.

போன மாதம் ஒரு கூத்து நடந்தது. கருவலூர் பக்கம் தோட்டம் வைத்திருக்கிற ஒருத்தர், வேலை பெங்களூரில், சனி ஞாயிறு மட்டும் வந்துபோவார். அவருக்கு சனிக்கிழமை காலையில் மோட்டார் நின்றுவிட்டது. ஊரில் அவ்வளவாக ஆள் பழக்கம் இல்லை போலிருக்கிறது, போனை எடுத்து சாட்ஜிபிடியிடம் கேட்டிருக்கிறார். அது நான்கு கடை சொல்லியிருக்கிறது, நான்கும் கோயமுத்தூர் டவுனுக்குள். மினிடோர் பிடித்து மோட்டாரைக் கோவை கணபதி வரைக்கும் கொண்டுபோய் இறக்கிவிட்டுத் திரும்பி வரும்போது எங்கள் பட்டறைக்கு எதிரே டீ குடிக்க நிறுத்தியிருக்கிறார். போர்டைப் பார்த்ததும் உள்ளே வந்து அப்பாவிடம் "ஏனுங்க, நீங்க இங்கயேதான் இருக்கறீங்களா" என்றார். அப்பா சிரித்துவிட்டார், எனக்குத்தான் வயிறு எரிந்தது.

அன்றைக்கு ராத்திரி நானும் கேட்டுப் பார்த்தேன். இங்கிலீஷில் கேட்டால் அதே டவுன் கடைகள். தமிழில் கேட்டால் அன்னூரில் ஒரு கடையைச் சொல்கிறது, ஆனால் அந்தக் கடை கொரோனா சமயத்திலேயே மூடியாகிவிட்டது!

இது நடந்து பத்து நாளில் கோவையிலிருந்து ஒருவர் போன் செய்தார். ஆறு மாதத்துக்கு 25,000 ரூபாய், சாட்ஜிபிடி, ஜெமினி எதில் கேட்டாலும் உங்கள் பெயர்தான் முதலில் வரும், கேரண்டி என்கிறார். கொடுக்கலாமா? இல்லை நானே ஏதாவது செய்ய முடியுமா? என்னிடம் ஒரு போனும் பழைய லேப்டாப்பும்தான் இருக்கிறது.

பீளமேடு_வெப்:

தம்பி, முதலில் அந்தக் கேரண்டி பேச்சை விடுங்க. எந்த ஏஐ-யிலும் முதல் இடத்தைக் காசு வாங்கிக்கொண்டு உறுதி செய்ய யாராலும் முடியாது. ஒரே கேள்வியை நீங்கள் கேட்டால் ஒரு பதில், நான் கேட்டால் இன்னொரு பதில், நாளைக்குக் கேட்டால் வேறு. இதில் முதல் இடம் என்று ஒன்று நிலையாக இருந்தால்தானே விற்க முடியும்?

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். ஏஐ-க்கு அன்னூரும் தெரியாது, உங்கள் அப்பாவையும் தெரியாது. கேள்வி வந்த அந்த நிமிடத்தில் அது வெளியே போய்த் தேடி, கிடைத்த நாலைந்து பக்கங்களைப் படித்துவிட்டு, தன் வாயால் சொல்கிறது. சாட்ஜிபிடிக்கு இந்தத் தேடல் 2024 அக்டோபர் கடைசியில் வந்தது. கூகுள் தேடலின் தலையில் வருகிற ஏஐ சுருக்கம் இந்தியாவுக்கு 2024 ஆகஸ்டில் வந்துவிட்டது. ஆக, எங்கேயாவது எழுத்தில் இருந்தால்தான் எடுத்துச் சொல்லும். நம்ம பக்கத்துப் பட்டறைகளுக்கு உள்ள பிரச்சினையே இதுதான், 26 வருட வேலையும் பேரும் சனங்க வாயில் இருக்கிறது, எழுத்தில் ஒரு வரிகூட இல்லை. மூடின கடை வருகிறது என்றால் அந்த மனுசன் எப்போதோ எங்கேயோ நாலு வரி எழுதி வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

கூகுளுக்குத் தன் மேப் விவரமே கையில் இருக்கிறது, அதனால் ஜெமினி அங்கிருந்து எடுக்கும். சாட்ஜிபிடி வேறு வழி, பிங் (மைக்ரோசாஃப்டின் தேடல்) மாதிரி வெளித் தேடல்களையும் நம்பியிருக்கிறது. அதனால் கூகுள் மேப்பில் மட்டும் சரி செய்துவிட்டு உட்கார்ந்தால் பாதி வேலைதான் முடிந்தது, பிங்கின் கடைப் பதிவான பிங் பிளேசஸிலும் பதியணும். இரண்டும் இலவசம். நிறையப் பேர் பிங் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை.

சரி, இப்போது உங்கள் கூகுள் பதிவில் என்ன இருக்கிறது என்று அப்படியே எழுதுங்க. பெயர், வகை, போன் நம்பர், நேரம், எத்தனை ரிவ்யூ.

அன்னூர்_பட்டறை:

பார்த்தேன் அண்ணா, பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. வகை "எலக்ட்ரானிக்ஸ் கடை" என்று இருக்கிறது (டிவி விற்கிறோம் என்று நினைத்திருப்பார்கள்). போன் நம்பர் பழைய லேண்ட்லைன், அதைத் திருப்பிக் கொடுத்து ஏழெட்டு வருடம் ஆகிறது. ஞாயிறு விடுமுறை என்று போட்டிருக்கிறது, ஆனால் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் மோட்டார் ஏற்றுகிற வேலை அதிகம். பெயர் போர்டில் "ஸ்ரீ", பில் புக்கில் "ஸ்ரீ" இல்லாமல், மேப்பில் "ஷ்ரீ". ரிவ்யூ ஏழு, அதில் ஐந்து "சூப்பர்", ஒன்று வெறும் கும்பிடு, ஒன்று யாரோ வேறு கடைக்குப் போடவேண்டியதை இங்கே போட்டிருக்கிறார்.

இன்னொரு சிக்கல், இந்தப் பதிவை யார் உருவாக்கினார்கள் என்றே தெரியவில்லை. எப்போதோ ஒரு பையன் வந்து 500 ரூபாய் வாங்கிக்கொண்டு போட்டுக்கொடுத்தான் என்று அப்பா சொல்கிறார். அவன் ஜிமெயிலில்தான் இருக்கிறது போல.

பீளமேடு_வெப்:

அதே கதைதான் பாதிப் பேருக்கு. பதிவைத் திறந்து உரிமை கேட்கிற விண்ணப்பத்தைப் போடுங்க, இப்போது வைத்திருப்பவருக்கு 3 நாள் அவகாசம், பதில் வராவிட்டால் பெரும்பாலும் நீங்களே உரிமை கோரலாம். புதிதாக இன்னொரு பதிவு மட்டும் போட்டுவிடாதீங்க, ஒரே கடைக்கு இரண்டு பதிவு ஆனால் இரண்டுமே குழம்பும்.

சரிபார்ப்பு இப்போது பெரும்பாலும் வீடியோவில்தான். ரோட்டைக் காட்டி, போர்டைக் காட்டி, ஷட்டரை நீங்களே திறந்து, உள்ளே கருவிகளைக் காட்டி, இடையில் வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்கணும். அப்பாவை ஷட்டர் திறக்கச் சொல்லுங்க.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. பெயருக்குப் பின்னால் "அன்னூர் புளியம்பட்டி அவினாசி பெஸ்ட் ரீவைண்டிங்" என்று ரயில் பெட்டி மாதிரி சேர்க்காதீங்க. அது கூகுள் விதிக்கு விரோதம், பதிவையே முடக்கிவிடுவார்கள். போர்டில் என்ன இருக்கிறதோ அதேதான் எல்லா இடத்திலும், எழுத்துக்கு எழுத்து. ஊர்களைச் சேர்க்க சேவைப் பகுதி என்று தனியாக இடம் இருக்கிறது, 20 வரைக்கும் போடலாம்.

பவானி_ஜமக்காளம்:

நான் பவானியில் ஜமக்காளம் வியாபாரம். எங்கள் அனுபவத்தைச் சொல்கிறேன், தம்பிக்கு உதவுமா பாருங்க.

எங்களுக்கு வெப்சைட் என்று இருந்தது கூகுள் பதிவோடு இலவசமாகக் கொடுத்த அந்த ஒரு பக்கம்தான். 2024 மார்ச்சில் அதை எல்லாருக்கும் நிறுத்திவிட்டார்கள். விசிட்டிங் கார்டில், கடைப் பையில், எல்லாவற்றிலும் அந்த முகவரியைத்தான் அச்சடித்து வைத்திருந்தோம், கட்டுக் கட்டாக இன்னும் வீட்டில் கிடக்கிறது. அதற்கப்புறம் இன்ஸ்டாகிராம், வாட்ஸ்ஆப் என்று போனேன். நன்றாக டிசைன் செய்த படங்கள், படத்துக்குள்ளேயே அளவு, விலை, நம்பர் எல்லாம். பார்க்க அழகு. ஆனால் வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸ் நம்ம நம்பர் வைத்திருப்பவரைத் தவிர யார் கண்ணிலும் படாது, எந்தத் தேடலும் அதற்குள் போகாது. படத்துக்குள் இருக்கிற எழுத்தையும் நம்பி உட்கார முடியாது என்று என் அக்கா மகன் சொன்னபோதுதான் உறைத்தது.

பிறகு என்ன செய்தேன் என்றால், ஒரு நோட்டை எடுத்து போன் பக்கத்தில் வைத்தேன். ஒரு மாதம், யார் கூப்பிட்டு என்ன கேட்டாலும் அவர்கள் வாய் வார்த்தையிலேயே எழுதினேன். "வாஷிங் மெஷின்ல போடலாமா." "சாயம் போகுமா." "மண்டபத்துக்குப் பன்னெண்டு அடிக்கு ஒரே துணியாக் கிடைக்குமா, ஒட்டுப் போட்டதா." "இருநூறு ரூவாய்க்கு ரோட்டுல விக்கறாங்களே, உங்களது ஏன் இவ்வளவு." இந்தக் கடைசிக் கேள்வி மட்டும் முப்பது தடவை இருக்கும்!

அதையே கேள்வியாக வைத்துப் பதிலை எழுதி ஒரு சின்ன வெப்சைட்டில் போட்டோம். விசைத்தறித் துணிக்கும் எங்கள் குழித்தறித் துணிக்கும் திருப்பிப் பார்த்தால் என்ன வித்தியாசம், அகலமானதற்கு ஏன் ஒரே தறியில் இரண்டு பேர் உட்கார்ந்து நாடாவை (குறுக்கு நூலைக் கொண்டுபோகிற கட்டையை) கை மாற்ற வேண்டியிருக்கிறது, பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது என்றால் வாங்குகிறவருக்கு அதில் என்ன. என் மாமனார் சொல்லச் சொல்ல நான் எழுதினேன், அவர் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு ஊதா நூல் சாயத்தைப் பற்றி மட்டும் ஒரு மணி நேரம் பேசினார், அதில் நாலு வரிதான் போட்டேன், அவருக்கு இன்னும் கோபம்.

ஏழெட்டு மாதம் ஆகியிருக்கும், சென்னையிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டு "ஒட்டுப் போடாத ஜமக்காளம் நீங்க தர்றதா ஏஐ சொல்லுச்சு" என்றார். என் வார்த்தை, "ஒட்டுப் போடாத". வேறு யாரும் அப்படி எழுதியிருக்க மாட்டார்கள்.

தம்பி, உங்கள் போர்டில் "ரீவைண்டிங்" என்றுதானே இருக்கும்? ஆனால் இந்தத் தலைப்பில் நீங்களே "காயில் கட்டும் பட்டறை" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆளுங்க அப்படித்தான் கேட்பாங்க. இரண்டையும் எழுதுங்க.

சும்மா_சொல்றேன்:

எல்லாரும் தம்பியை எழுத்தாளர் ஆக்கப் பார்க்கிறீர்கள். நான் ஈரோட்டில் பம்ப் உதிரி மொத்த வியாபாரம், எனக்குத் தெரிந்த காயில் கட்டும் பட்டறைகளுக்கு வேலை எங்கிருந்து வருகிறது என்றால் போர்வெல் வண்டிக்காரர், ஹார்டுவேர் கடைக்காரர், பிளம்பர், எலக்ட்ரீசியன், இந்த நாலு பேர்தான். மோட்டார் எரிந்து பயிர் வாடிக்கொண்டிருக்கும்போது விவசாயி ஏஐ-யிடம் பேசிக்கொண்டிருக்க மாட்டார், பக்கத்துத் தோட்டத்துக்காரரைத்தான் கூப்பிடுவார். முதலில் அடுத்து வருகிற ஐம்பது பேரிடம் "எப்படி வந்தீங்க" என்று கேட்டு எழுதுங்க, அப்புறம் முடிவு செய்யலாம். பெங்களூர்க்காரர் ஒருத்தருக்காக இவ்வளவு ஆட்டம் வேண்டாம்.

இன்னொன்று, விலையை மட்டும் எழுதிவிடாதீங்க. காப்பர் விலை வாரத்துக்கு வாரம் மாறுகிறது. ஏஐ போன வருட விலையைப் பிடித்துக்கொண்டு சொல்லும், கஸ்டமர் வந்து உங்களோடு சண்டை போடுவார்.

பவானி_ஜமக்காளம்:

ஐம்பது பேரைக் கேட்பது நல்ல யோசனை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஊரில் இருக்கும் விவசாயியை மட்டும் கணக்கில் எடுக்கறீங்க. இப்போது பாதித் தோட்டத்துக்கு முதலாளி வெளியூரில் இருக்கிறார், பார்த்துக்கொள்கிறவர் போன் செய்து "மோட்டார் ஓடலீங்க" என்று மட்டும்தான் சொல்வார், கடை தேடுவது மகனோ மருமகளோ. அவர்களுக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் நம்பர் தெரியாது.

பீளமேடு_வெப்:

விலை விஷயத்தில் சும்மா_சொல்றேன் அண்ணாவோடு பாதி ஒத்துப்போகிறேன். எண்ணைப் போடவேண்டாம், விலை எதைப் பொறுத்து ஏறும் இறங்கும் என்று எழுதலாம். எத்தனை ஹெச்பி, சிங்கிள் பேஸா த்ரீ பேஸா, எத்தனை அடி ஆழத்திலிருந்து தூக்கவேண்டும், காயில் மட்டுமா இல்லை பேரிங், புஷ் எல்லாம் போயிருக்கிறதா. அதைப் படிக்கிற ஆள் போனில் கூப்பிடும்போதே "5 ஹெச்பி, த்ரீ பேஸ், 800 அடி" என்று சொல்வார், உங்களுக்கும் நேரம் மிச்சம்.

ரிவ்யூ பற்றி யாரும் சொல்லவில்லை. "சூப்பர்" என்பது மனுசருக்கே உதவாது, ஏஐ அதை வைத்து என்ன செய்யும்? வேலை முடித்து மோட்டாரை இறக்கி, தண்ணீர் வந்து விழுகிற அந்த நேரத்தில் கேளுங்க: "என்ன ரிப்பேரு, எந்த ஊரு, எத்தனை நாள்ல ஆச்சு, அதை மட்டும் எழுதுங்க" என்று. தமிழில் எழுதினால் தமிழிலேயே எழுதட்டும். ஆனால் ரிவ்யூ போட்டால் 100 ரூபாய் குறைக்கிறேன் என்று மட்டும் சொல்லாதீங்க, கூகுள் விதிப்படி அது தப்பு, மொத்தமாகத் தூக்கிவிடுவார்கள்.

வெப்சைட் போட்டால் ஒரே ஒரு பக்கம் போதும், எழுத்து எழுத்தாகவே இருக்கணும். திறந்ததும் சுற்றிச் சுற்றி லோடு ஆகிற வகை வேண்டாம், பல ஏஐ தேடுபொறிகள் பக்கங்களைப் படிக்க அனுப்பும் பாட்கள் (தானியங்கி நிரல்கள்) ஜாவாஸ்கிரிப்டை ஓட்டிப் பார்ப்பதில்லை, அவற்றுக்கு வெறும் வெள்ளைப் பக்கம்தான் தெரியும். தளத்துக்குப் பாதுகாப்பாக முன்னால் நிற்கிற கிளவுட்பிளேர் சேவையை வைத்தால் ஒன்றைக் கவனிங்க, 2025 ஜூலையிலிருந்து புதிதாகச் சேர்கிற தளங்களுக்கு அது ஏஐ பாட்களைத் தானாகவே தடுக்கத் தொடங்கிவிட்டது. செய்திப் பத்திரிகைக்கு அது நல்லது, நமக்கு வாசலைப் பூட்டிவிட்டு வியாபாரம் பார்ப்பது மாதிரி. அந்த அமைப்பைப் போய்ப் பாருங்க. எல்எல்எம்எஸ் டெக்ஸ்ட் என்று ஒரு கோப்பு போட்டால்தான் ஏஐ படிக்கும் என்று 5,000 ரூபாய் கேட்பார்கள், கூகுளே அதைப் பயன்படுத்துவதில்லை என்று சொல்லியாகிவிட்டது, விட்டுத்தள்ளுங்க.

எதை எழுதுவது என்று யோசிக்கவேண்டாம். அப்பாவுடைய பில் புக்கை எடுங்க. அதில் ஊர், மோட்டார், கோளாறு மூன்றும் இருக்கும்.

அன்னூர்_பட்டறை (இரண்டரை மாதம் கழித்து):

எல்லாருக்கும் நன்றிங்க, தாமதத்துக்கு மன்னிக்கணும், தை மாசியில் மூச்சு விட நேரமில்லை.

உரிமை விண்ணப்பத்துக்கு அந்தப் பையன் பதிலே போடவில்லை, நாலாம் நாள் எங்களுக்கு வழி கிடைத்தது. வீடியோதான் மூன்று தடவை எடுத்தோம். முதல் தடவை அப்பா ஷட்டரைத் திறந்துவிட்டுக் கேமராவைப் பார்த்து "வாங்கோ வாங்கோ" என்று கும்பிட்டார், நான் சிரித்து போன் ஆடிவிட்டது. இரண்டாவது நெட் நின்றுவிட்டது. மூன்றாவதில் ரோடு, போர்டு, காயில் சுற்றுகிற மெஷின், பிரித்துப் போட்ட ஸ்டேட்டர், எல்லாம் காட்டினோம், ஐந்து நாளில் ஒப்புதல் வந்தது.

பில் புக் யோசனைதான் அருமை. மூன்று வருடப் பில்லைப் புரட்டினேன். நாங்கள் அன்னூர்க் கடை என்றே நினைத்துக்கொண்டிருந்தோம், பார்த்தால் பாதிக்கு மேல் புளியம்பட்டி, சேவூர், கருவலூர், சிறுமுகை. கோளாறைப் பார்த்தால் பாதி எரிந்தது ஒரு பேஸ் போய் மீதி இரண்டில் ஓடினதால். அப்பாவிடம் கேட்டேன், "இதைத்தாண்டா இருபது வருசமா ஒவ்வொருத்தருக்கும் சொல்லிட்டு இருக்கறேன், பிரிவென்டர் மாட்டுங்கன்னு" என்றார் (ஒரு பேஸ் போனால் மோட்டாரைத் தானாக நிறுத்துகிற கருவி அது). அதையே அவர் சொன்ன மாதிரி எழுதி ஒரு பக்கம் போட்டிருக்கிறேன், "மோட்டார் காயில் ஏன் எரிகிறது" என்று தலைப்பு. ஊர்ப் பெயர்களும் இருக்கிறது, காயில் கட்டுவது, ரீவைண்டிங் இரண்டும் இருக்கிறது. அத்திக்கடவுத் திட்டத் தண்ணீர் குளத்துக்கு வந்து நிலத்தடி நீர் ஏறின பிறகு சில இடத்தில் மோட்டாரை எத்தனை அடி மேலே தூக்கி வைக்கலாம் என்று கேட்கிறார்கள், அதையும் சேர்க்கணும்.

ஐம்பது பேர் கணக்கும் எடுத்தேன். 50-ல் 38 பேர் தெரிந்தவர் சொல்லி வந்தவர்கள், 9 பேர் மேப் பார்த்து, 3 பேர் ஏஐ. சும்மா_சொல்றேன் அண்ணா சொன்னது பெரும்பாலும் சரிதான். ஆனால் அந்த 12 பேரில் எட்டுப் பேர் வெளியூரில் இருந்து கூப்பிட்டவர்கள், பவானி அக்கா சொன்னதும் சரி. 25,000 கொடுக்கவில்லை.

ஜெமினி இப்போது அன்னூர் பக்கம் கேட்டால் எங்களைச் சொல்கிறது, ஞாயிறு திறந்திருக்கும் என்றும் சொல்கிறது. சாட்ஜிபிடி இங்கிலீஷில் கேட்டால் சில நேரம் சொல்கிறது, சில நேரம் இல்லை. தமிழில் கேட்டால் இன்னமும் அந்த மூடின கடைதான்.

அதனால் அந்தக் கடைக்காரரையே தேடிப் போனேன், அப்பாவுக்குத் தெரிந்தவர்தான், இப்போது மகன் வீட்டில் இருக்கிறார். மேப்பில் நிரந்தரமாக மூடப்பட்டது என்று போட்டுவிடலாமா என்று கேட்டேன். "போடு கண்ணு, ஆனா அவசரமில்ல" என்றார். "அந்த நம்பரு இன்னும் எங்கிட்டத்தான் இருக்குது. மாசத்துக்கு ரெண்டு மூணு பேரு கூப்புடறாங்க. நான் உங்கப்பன் நம்பரைத்தான் குடுத்துட்டு இருக்கறேன்."